அயல்நாட்டுக் கரையில் தனியார் படகு: கப்பலா, வாகனமா, ஐயத்துக்குரியதா?

வெளிநாட்டுக் கரையை நெருங்கும் தனியார் பாய்மரப் படகு முதலில் ஏற்றுவது மஞ்சள் கொடியை. குடியேற்றம், சுங்கம், சுகாதாரம், துறைமுக நிர்வாகம் ஆகியவற்றின் அலுவல்கள் முடியும்வரை படகின் தலைவரைத் தவிர வேறு யாரும் கரையிறங்கக் கூடாது என்பது பெரும்பாலான நாடுகளின் விதி. எல்லாம் முடிந்த பிறகே மஞ்சள் கொடி இறங்கும்; அந்த நாட்டின் கொடி மரியாதைக்காக ஏறும். கடைசியாக விட்டுவந்த துறைமுகம் கொடுத்த புறப்பாட்டுச் சான்றும் கையில் இருக்க வேண்டும். லத்தீன் அமெரிக்கக் கரைகளில் ‘ஸார்ப்பே’ எனப்படும் அந்தத் தாள் இல்லாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் பேச்சே தொடங்காது. படகின் பதிவுச் சான்று, ஆட்களின் பட்டியல், காப்பீடு, வானொலி உரிமம், இருப்பிலுள்ள மதுவின் கணக்கு, நாய் பூனை இருந்தால் அவற்றின் தடுப்பூசிச் சான்று என்று பட்டியல் நாட்டுக்கு நாடு நீளும்.

சரக்கு ஏற்றாத, கட்டணப் பயணிகளைச் சுமக்காத, இரண்டு பேரோ நான்கு பேரோ குடியிருக்கும் ஒரு சிறு படகிடம் ஒரு நாடு எதைக் கேட்கலாம்? எதைக் கேட்கத் தேவையில்லை? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகள் ஒன்றையொன்று வென்று வந்தவை அல்ல; ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தவை. புதிய அச்சம் வந்தபோது புதிய படிவம் சேர்ந்தது. பழைய அச்சம் தணிந்தபோது பழைய படிவம் பெரும்பாலும் அப்படியே தங்கிவிட்டது.

கதவு யார் கையில்?

கடல் எல்லோருக்கும் பொது என்று 1609இல் வாதிட்டார் ஹியூகோ குரோஷியஸ். 1635இல் ஜான் செல்டன் அதை மறுத்து எழுதினார். அந்தப் புகழ்பெற்ற வழக்கில் கரையைத் தொடும் கடைசி மைல் தீரவில்லை. துறைமுகத்துக்குள் நுழையும் உரிமை பற்றி இரண்டு நிலைப்பாடுகள் நெடுங்காலம் எதிரெதிரே நின்றன.

துறைமுகங்கள் இயல்பாகவே திறந்தவை, மூடுவதற்குத்தான் காரணம் வேண்டும் என்றது ஒரு தரப்பு. 1923ஆம் ஆண்டின் ஜெனீவா துறைமுக ஒப்பந்தம், பரஸ்பர அடிப்படையில், வெளிநாட்டுக் கப்பல்களைச் சமமாக நடத்தச் சொன்னது. சவூதி அரேபியாவுக்கும் அராம்கோ நிறுவனத்துக்கும் இடையே 1958இல் வந்த நடுவர் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது: முக்கிய நலன்கள் கோரினாலன்றி வணிகக் கப்பல்களுக்குத் துறைமுகத்தை அடைக்கக் கூடாது என்பதே சர்வதேசச் சட்டத்தின் பெரிய விதி என்றது. பிற்கால அறிஞர்கள் பலர் இதை ஏற்கவில்லை. எடுத்துக்காட்டப்பட்ட வழக்கங்கள் தாராள மனத்தைக் காட்டுகின்றனவே ஒழியக் கடப்பாட்டைக் காட்டவில்லை என்பது அவர்களின் மறுப்பு.

எதிர்த்தரப்பு இறையாண்மையிலிருந்து தொடங்குகிறது. நிகராகுவா வழக்கில் 1986இல் தீர்ப்பளித்த சர்வதேச நீதிமன்றம், தன் துறைமுகங்களுக்குள் யார் வரலாம் என்பதைக் கடலோர நாடு தன் இறையாண்மையின் வலுவில் ஒழுங்குபடுத்தலாம் என்றது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தமும் இதே சாய்வு கொண்டது. 12 கடல் மைல் அகலமுள்ள ஆட்புலக் கடலின் ஊடே அமைதியாகக் கடந்துபோகும் உரிமை எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் உண்டு. சிறு படகும் அதில் அடங்கும். ஆனால் கடந்துபோவது வேறு, உள்ளே வருவது வேறு. உள்ளே வர நிபந்தனை விதிக்கலாம்.

இரண்டு தரப்பிலும் தனியார் படகுக்குப் பொருந்தாத இடம் ஒன்று உண்டு. திறந்த துறைமுக வாதம் வணிகத்தின் மேல் நிற்கிறது. இந்தப் படகு எதையும் விற்க வரவில்லை. இறையாண்மை வாதமோ யார் தீர்மானிப்பது என்று சொல்கிறதே தவிர, எதைத் தீர்மானிப்பது நியாயம் என்று சொல்வதில்லை. இறையாண்மைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை நியூசிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் காட்டியது. மால்டாக் கொடியோடு நியூசிலாந்திலிருந்து புறப்பட்ட ஒரு பாய்மரப் படகில், அந்நாடு விதித்த வானொலிக் கருவியும் அவசர அறிவிப்புக் கருவியும் இல்லை. படகோட்டியின் மேல் வழக்குப் பாய்ந்தது. நடுக்கடலில் வெளிநாட்டுக் கொடிப் படகு எப்படிச் செல்ல வேண்டும் என்று விதிப்பது கொடி நாட்டின் வேலை, துறைமுக நாட்டின் வேலையல்ல என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. உள்ளே விடுவது, உள்ளே இருக்கும்போது ஆள்வது ஆகியவற்றில் நாட்டின் கை ஓங்கியிருக்கிறது. வெளியே அனுப்பிய பிறகு அந்தக் கை நீள்வது குறைவு.

நோய் தந்த சடங்குகள்

மிகப் பழைய படிவு கொள்ளைநோயுடையது. ஏட்ரியாட்டிக் கடலோரத்து ரகூசா, இன்றைய டூப்ரோவ்னிக், 1377இல் நோய்ப்பட்ட ஊர்களிலிருந்து வருபவர்களை ஒரு மாதம் வெளியே தங்கவைத்த பிறகே நகருக்குள் விட்டது. வெனிஸ் 1423இல் தனித் தீவில் நோயாளிகளுக்கு இல்லம் அமைத்தது. ஒரு காலத்தில் நோயுள்ள கப்பலைக் குறித்த மஞ்சள் கொடி, இன்றைய சர்வதேசக் குறியீட்டில் நேர்மாறாகப் பேசுகிறது: எங்கள் கலத்தில் நோயில்லை, கரையோடு தொடர்புகொள்ள அனுமதி தாருங்கள்.

இந்தப் படிவு வெறும் சடங்காகிவிட்டது என்று 2019வரை சொல்லியிருக்கலாம். 2007இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார விதிகள், பொதுச் சுகாதாரக் காரணத்துக்காக எந்தக் கப்பலையும் நுழைவிடங்களுக்கு வரவிடாமல் தடுக்கக் கூடாது என்று பொதுவிதி வகுத்திருந்தன. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது பசிபிக் தீவு நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவை அடைத்தன. அப்போது கடலில் இருந்த படகுகள் விட்டுவந்த இடத்துக்குத் திரும்பவும் வழியில்லாமல், போகும் இடத்தில் இறங்கவும் வழியில்லாமல் தத்தளித்தன. பல வாரக் கடற்பயணமே தனிமைப்படுத்தல்தான் என்ற படகோட்டிகளின் வாதத்தை ஃபிஜி ஏற்றது. ‘நீலப் பாதை’ என்ற திட்டத்தின்கீழ் கடலில் கழிந்த நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது. நியூசிலாந்து பெரும்பாலும் ஏற்கவில்லை. ஒரே கடல், ஒரே நோய், ஒரே வகைப் படகு, இரண்டு எதிர் விடைகள். மருத்துவத் தர்க்கத்தில் ஃபிஜியின் விடையே வலுவானது என்று தோன்றுகிறது. ஆனால் யார் வந்தாலும் கண்காணிக்க ஆள் வேண்டும் என்ற நிர்வாகக் கவலையைத் தர்க்கம் மட்டும் தீர்ப்பதில்லை.

காரைப் போல ஒரு படகு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுற்றுலா பெருகியபோது சுங்கத் துறைகளுக்கு ஒரு புதிய சிக்கல் எழுந்தது. எல்லை தாண்டி வரும் ஒவ்வொரு காரையும் இறக்குமதிப் பொருளாகக் கருதி வரி கேட்க முடியுமா? 1954இல் கார்களுக்கும், 1956 மே மாதம் ஜெனீவாவில் விமானங்களுக்கும் உல்லாசப் படகுகளுக்கும் தற்காலிக இறக்குமதி ஒப்பந்தங்கள் உருவாயின. சுற்றுலாப் பயணியோடு வந்து அவரோடே திரும்பிப் போகும் ஊர்திக்கு வரி வேண்டாம் என்பதே சாரம். 1990ஆம் ஆண்டின் இஸ்தான்புல் ஒப்பந்தம் இதை விரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் இன்று வெளிநாட்டவரின் சொந்தப் படகுக்கு 18 மாதம் தருகிறது. அமெரிக்கா சில நாட்டுப் படகுகளுக்கு ஓராண்டு உலா உரிமம் தருகிறது. அது முடிந்தால் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றுக்குப் போய், குறைந்தது 15 நாள் கழித்தே மறு உரிமம்.

இது எளிமையான, மனிதநேயமான விடை. படகுக்கு வரி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படகில் இருக்கும் மனிதரைப் பற்றி ஒன்றும் சொல்லாததுதான் இதன் குறை. காரோட்டி இரவில் விடுதிக்குப் போய்விடுவார். படகோட்டிக்கு அதுவே வீடு. காருக்கு எல்லையில் ஒரு வாயில் உண்டு. கடற்கரை முழுவதும் வாயில்தான்.

இதே காலத்தில் கப்பல்களுக்கான தாள் சுமையைக் குறைக்க இன்னொரு முயற்சி நடந்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின்கீழ் 1965இல் ஏற்கப்பட்டு 1967இல் நடைமுறைக்கு வந்த கடல்வழிப் போக்குவரத்து எளிமையாக்க ஒப்பந்தம், துறைமுகங்கள் கேட்கும் படிவங்களுக்கு ஒரே வடிவம் கொடுத்தது; அவற்றின் எண்ணிக்கைக்கு வரம்பும் கட்டியது. அந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு ஒரே வரியில் இரண்டு வகைக் கலங்களை விலக்குகிறது: போர்க்கப்பல்களை, உல்லாசப் படகுகளை. உலகின் மிகக் கடுமையான கலமும் மிகச் சாதுவான கலமும் ஒரே வாசலில் நிறுத்தப்பட்டது வேடிக்கைதான். 1965இல் கடல் தாண்டும் சொந்தப் படகுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்ததால் யாரும் அவற்றுக்காக வாதாடியிருக்க மாட்டார்கள். இது ஊகம்தான், ஆனால் பொருந்தும் ஊகம்.

விலக்கு இருபக்கமும் வெட்டியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் ஒப்பந்தத்தின் பெரும்பகுதி, வணிகத்தில் ஈடுபடாத உல்லாசப் படகுகளுக்குப் பொருந்தாது. 2004 ஜூலையில் வந்த கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பும் அவற்றைத் தொடவில்லை. வருகையை முன்கூட்டி அறிவிக்கச் சொல்லும் ஐரோப்பிய விதிகள், 45 மீட்டருக்குக் குறைந்த உல்லாசப் படகுகளை விட்டுவிட்டன. சுமையிலும் சேர்க்கவில்லை, சலுகையிலும் சேர்க்கவில்லை. அதனால் சர்வதேச அளவில் ஒரு வெற்றிடம். ஒவ்வொரு நாடும் தன் கப்பல் விதிகளிலிருந்து பாதியையும் சுற்றுலா விதிகளிலிருந்து பாதியையும் எடுத்துத் தைத்த சட்டையே இன்று படகோட்டியின் மேல் இருக்கிறது.

மனிதருக்கு ஒரு கடிகாரம், படகுக்கு வேறொன்று

இந்தத் தையல் பிரிவது காலக்கெடுவில்தான். ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் விசா தேவையில்லாத வெளிநாட்டவர் எந்த 180 நாட்களிலும் 90 நாள் தங்கலாம். அவருடைய படகுக்கோ 18 மாதம். படகு நங்கூரமிட்டுக் கிடக்க, உரிமையாளர் விமானமேறிப் போய்வர வேண்டிய நிலை. 2020 இறுதியில் இடைக்காலம் முடிந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளிலிருந்து முற்றாக விலகிய பிரிட்டனின் படகோட்டிகளுக்கு இந்த இரட்டைக் கணக்கு திடீரென்று தங்கள் கணக்காயிற்று. அமெரிக்காவில் சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. விமானத்தில் வந்தால் விசா விலக்குப் பெறும் நாட்டவர், சொந்தப் படகில் வந்தால் அதைப் பெறுவதில்லை. அந்த விலக்கு, அரசோடு ஒப்பந்தம் செய்துள்ள போக்குவரத்து நிறுவனங்கள்வழி வருவோருக்கு மட்டுமே.

ஆக, படகோட்டி யார்? ஆட்பட்டியலில் அவர் கேப்டன், அவர் மனைவி மாலுமி. குடியேற்ற மேசையில் இருவரும் சுற்றுலாப் பயணிகள். சம்பளம் வாங்கும் கடலோடிகளுக்குக் கரையிறங்கும் வசதி தரும் தொழிலாளர் ஒப்பந்தங்கள் இவர்களைச் சேர்ப்பதில்லை. கிரேக்கத் தீவான கோஸிலிருந்து துருக்கியின் போட்ரம் சில மணி நேரப் பயணம்தான். ஆனாலும் ஒரு நாட்டின் நுழைவுத் துறைமுகத்தில் முறைப்படி வெளியேறி, மறு நாட்டின் நுழைவுத் துறைமுகத்தில் முறைப்படி நுழைய வேண்டும். எதிரே தெரியும் மீனவக் கிராமத்தில் நேரே போய் நங்கூரமிட்டால் அது சட்டமீறல்.

விலக்குகள் இல்லாமல் இல்லை; ஆனால் அவை படகுக்காக அல்ல, மக்களுக்காக வந்தவை. 1974ஆம் ஆண்டின் இந்திய, இலங்கை ஒப்பந்தம், கச்சத்தீவுக்கு வழக்கம்போல் வந்துபோகும் இந்திய மீனவர்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்றது. அத்தீவின் அந்தோணியார் திருவிழா அந்த வரியின் நிழலில்தான் நடக்கிறது. ஆஸ்திரேலியாவும் பாப்புவா நியூ கினியும் 1978இல் கையெழுத்திட்ட டோரஸ் நீரிணை ஒப்பந்தம், அங்குள்ள மரபுக் குடிகள் கடவுச்சீட்டின்றி நீரிணையைக் கடக்க இடம் தந்தது. இரண்டுமே எல்லைக் கோட்டைவிடப் பழைய வழக்கத்தை மதித்தவை. உலகம் சுற்றும் படகோட்டிக்கு அப்படிக் காட்ட ஒரு வழக்கம் இல்லை.

ஐயத்தின் வாதம்

பாதுகாப்புத் தரப்பின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதல்ல. 2000 அக்டோபரில் ஏடன் துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் கோல் மீது நடந்த தாக்குதல் ஒரு சிறு படகால் நடந்தது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்தவர்கள் குஜராத் மீன்பிடிப் படகு ஒன்றைக் கைப்பற்றி வந்தார்கள். அதற்குப் பின் இந்தியாவில் கடலோரக் கண்காணிப்பு இறுகியது. துராயா, இரிடியம் செயற்கைக்கோள் தொலைபேசிகளை அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். நடுக்கடலில் உயிர்காக்கும் என்று படகோட்டி நம்பும் கருவியே இந்தியக் கரையில் அவரைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகலாம்.

ஆனால் இந்த வாதத்துக்கு மிகப் பொருத்தமான சான்று அதன் வரம்பையும் காட்டுகிறது. 1985இல் ஆக்லாந்து துறைமுகத்தில் கிரீன்பீஸ் அமைப்பின் ரெயின்போ வாரியர் கப்பலைத் தகர்த்த வெடிபொருள், நியூ கலிடோனியாவில் வாடகைக்கு எடுத்த ஊவேயா என்ற பாய்மரப் படகில் வந்தது. வந்தவர்கள் பிரெஞ்சு உளவுத் துறையினர்; காட்டிய முகம் சுற்றுலாப் பயணிகளுடையது. நியூசிலாந்து அதிகாரிகளுக்கு அவர்களின் வருகை தெரிந்தே இருந்தது; பின்னர் நார்ஃபோக் தீவில் காவல் துறை அவர்களை விசாரிக்கவும் செய்தது. தடுத்துவைக்கப் போதிய ஆதாரம் நேரத்துக்குக் கிடைக்காததால் படகு புறப்பட்டு மறைந்துவிட்டது. தீய நோக்கத்தோடு வருபவர் தாள்களைச் சரியாகத்தான் வைத்திருப்பார். மும்பைக்கு வந்தவர்களோ எந்தப் படிவத்தையும் நிரப்பவே வரவில்லை. படிவத்தால் பிடிபடுபவர் பெரும்பாலும் காலாவதியான காப்பீட்டோடு வந்த ஓய்வூதியர்தான் என்ற படகோட்டிகளின் கிண்டலில் உண்மை இருக்கிறது. முன்னறிவிப்பும் உளவுத் தகவலும் சேர்ந்தால் பயன் தரலாம். படிவங்களின் எண்ணிக்கை பயன் தந்ததாகக் காட்டுவது கடினம்.

அடியில் ஒட்டி வருபவை

இன்றைய நுழைவு விதிகளில் அறிவியல் அடிப்படை தெளிவாகத் தெரிவது உயிரினக் காப்பில்தான். 1999 மார்ச்சில் டார்வின் நகரின் படகுத் துறைகளில் கருவரி மட்டி என்ற அயல் இனம் கண்டுபிடிக்கப்பட்டது. வெளிநாட்டுப் படகுகளின் அடிப்பாகத்தில் ஒட்டி வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. அந்தத் துறைகளுக்கு மதகுக் கதவுகள் இருந்தது நல்வாய்ப்பு. கதவை அடைத்து, குளோரினும் காப்பர் சல்பேட்டும் கொட்டி, இரண்டு மில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவழித்து ஒழித்தார்கள். மதகு இல்லாத நீரில் என்ன நடக்கும் என்பதை எண்ணூர், பழவேற்காடு மீனவர்களைக் கேட்கலாம். அங்கே ‘காக்கா ஆழி’ எனப்படும் தென் அமெரிக்க மட்டி ஆற்றடியைப் போர்த்திக்கொண்டு இறாலை அரிதாக்கியிருக்கிறது. அது வேறு இனம்; வந்த வழியும் பெருங்கப்பல்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் பரவிய பின் மீட்பில்லை என்ற பாடம் ஒன்றே.

2018 மே மாதம் முதல் நியூசிலாந்து, வரும் எல்லாக் கலங்களுக்கும் அடிப்பாகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. எப்போது சுரண்டினீர்கள், எந்த வண்ணம் பூசினீர்கள் என்பதற்குச் சான்று வேண்டும். இங்கே ஆபத்து உண்மையானது. கேள்வியும் ஆபத்துக்கு நேராகக் கேட்கப்படுகிறது. பலவீனம் என்றால், சுத்தம் செய்ய வசதி இல்லாத தீவுகளிலிருந்து வரும் படகு எங்கே போய்ச் சுத்தமாவது என்பதற்கு விதியில் விடை குறைவு.

முகவரும் திரையும்

நடைமுறையில் இந்தப் படிவுகளையெல்லாம் கடக்க இரண்டு வழிகள் உருவாகியிருக்கின்றன. பழைய வழி ஏஜென்ட். தை மாதத்து வாடைக்காற்றோடு தாய்லாந்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வங்கக் கடலைக் கடக்கும் படகுகள் காலியிலோ திருகோணமலையிலோ நுழையும்போது உள்ளூர் ஏஜென்ட் வழியாகத்தான் நுழைகின்றன. ஏஜென்ட் கட்டணம் சுமை என்பது ஒரு பக்கம். ஐந்து அலுவலகங்கள் ஐந்து நேரத்தில் திறக்கும் ஊரில் ஏஜென்ட் இல்லாமல் முடியாது என்பது மறுபக்கம். புதிய வழி இணையம். கரீபியனின் பல தீவுகள் ‘செயில்கிளியர்’ என்ற பொதுத் தளத்தில் முன்கூட்டியே விவரம் ஏற்றவிடுகின்றன. அமெரிக்கா கைப்பேசிச் செயலியில் வருகையைப் பதியவிடுகிறது. இந்தோனேசியா 2015இல் படகுகளுக்கு வேண்டியிருந்த முன்னனுமதி முறையையே நீக்கியது. படகுச் சுற்றுலாவில் அண்டை நாடுகளிடம் இழந்ததை மீட்பதே நோக்கம். அனுமதியை நீக்குவது வேறு, அதே கேள்விகளைத் திரைக்கு மாற்றுவது வேறு. பல நாடுகள் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதைச் செய்ததாகச் சொல்கின்றன.

தீராதவை

ஆபத்தில் வரும் படகுக்கு இடம் தர வேண்டும் என்பதில் எல்லாத் தரப்பும் ஒத்துப்போகின்றன. இந்தியச் சுங்கச் சட்டம், 1962இன் 29ஆம் பிரிவு, விபத்தாலோ கடும் வானிலையாலோ சுங்கத் துறைமுகமல்லாத இடத்தில் ஒதுங்கும் கலத்தின் பொறுப்பாளர் அருகிலுள்ள சுங்க அதிகாரியிடமோ காவல் நிலையத்திலோ உடனே தெரிவித்து, அவர்கள் சொல்படி நடந்தால் போதும் என்கிறது. சிக்கல், எது ஆபத்து என்பதில். 2020இல், முன்னதாக அனுமதி மறுக்கப்பட்டிருந்த ஒரு ஜெர்மன் படகு, புயல் பருவத்தைக் காரணம் காட்டி நியூசிலாந்துக்குள் வந்தபோது அதிலிருந்தவர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். வரப்போகும் புயலுக்கு அஞ்சுவது ஆபத்தா, திட்டமிடலின் குறையா? இதற்கு ஒப்பந்த வரிகளில் தெளிவான விடை கிடைப்பதாகத் தெரியவில்லை.

வெளியேறும் தருணமும் அவ்வாறே. ரோட்டர்டாமில் நெடுநாள் கட்டிக்கிடந்த கப்பல்களில் வேலைக்குச் சேர்ந்த கடலோடிகளின் கடவுச்சீட்டில் வெளியேற்ற முத்திரையை எப்போது குத்துவது என்ற வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்வரை போனது. கப்பலில் சேரும் நாளில் அல்ல, கப்பல் விரைவில் புறப்படப்போகிறது என்று கேப்டன் அறிவிக்கும்போதுதான் என்று 2020 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. அது சம்பளத்துக்கு வேலை செய்யும் கடலோடிகளைப் பற்றியது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக மின்னணுப் பதிவு படிப்படியாக வரத் தொடங்கியது. 90 நாள் கணக்கை இனி இயந்திரம் வைக்கும். தொண்ணூறாம் நாளில் வெளியேற்றம் பதிந்துவிட்டு, காற்று எதிர்த்ததால் அதே துறையில் நான்கு நாள் நங்கூரமிட்டுக் கிடக்கும் சொந்தப் படகுக்காரருக்கு அந்தத் தீர்ப்பின் தர்க்கம் நீளுமா என்பதை எந்த நீதிமன்றமாவது சொல்ல வேண்டியிருக்கும்.